வயலின்காரரின் மாதச் சம்பளம்

2022 ஜூன் மாதம் டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ சிம்பொனி கலைக்கப்பட்டது. 1939இல் தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா அது. 72 முழுநேர இடங்களை 42 ஆகக் குறைத்து, மற்றவர்களைப் பகுதிநேரமாக்கப் பார்த்தது நிர்வாகம். கலைஞர்கள் 2021 செப்டம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒன்பது மாதம் இழுபறிக்குப் பிறகு நிர்வாகக் குழு கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. இரண்டே வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் தன் கலைஞர்களுடன் புதிய ஒப்பந்தம் போட்டது. மூன்று ஆண்டுகளில் 30 சதவீத உயர்வு. 2026-27 பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்கு 2,05,000 டாலர். இரண்டு ஊரிலும் வாசிப்பது அதே பீத்தோவன், அதே பிராம்ஸ். வாசிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பயிற்சியில் தேறி வந்தவர்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 'ஆர்கெஸ்ட்ரா செத்துக்கொண்டிருக்கிறது' என்ற அறுபது ஆண்டுப் புலம்பலும் பொருந்தவில்லை. 'எல்லாம் நன்றாகத்தான் போகிறது' என்ற ஆண்டறிக்கைத் தொனியும் பொருந்தவில்லை. பீத்தோவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. வயலின் வாசிப்பதை வாழ்நாள் முழுவதற்குமான மாதச் சம்பள வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடுதான் ஆட்டம் காண்கிறது. அந்த ஏற்பாட்டின் வயது நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதைத் தாங்கும் பணம் யாருடையது, அந்தப் பணம் இருக்கும் இடத்தில் கலைஞருக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்பதைக் கேட்காமல் ஆர்கெஸ்ட்ராவின் எதிர்காலம் பற்றிப் பேசுவது வீண்.

இளைய வேலை

வியன்னா ஃபில்ஹார்மோனிக், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இரண்டும் பிறந்தது 1842இல். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 1882இல். அமைப்புகள் பழையவை, வேலை அப்படியல்ல. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில்கூடப் பருவம் என்பது வருடத்தில் சில மாதங்கள்தான். கோடை வந்தால் கலைஞர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், நடனக் குழுக்களில் வாசித்தார்கள், இசைக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளுக்கும் போனார்கள். ஒப்பந்தம் பேசும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய தொழிற்சங்கத்தின் தலைவர்களும் நிர்வாகமும் பேசி முடித்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை எதிர்த்துத்தான் 1962இல் சிம்பொனி, ஆப்பெரா கலைஞர்களின் சர்வதேச மாநாடு என்ற அமைப்பைக் கலைஞர்கள் தாங்களே உருவாக்கினார்கள். 1964இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வருடத்தின் 52 வாரத்துக்கும் சம்பளம் தரும் ஒப்பந்தத்துக்கு வந்தது. 1966இல் ஃபோர்டு அறக்கட்டளை 61 ஆர்கெஸ்ட்ராக்களுக்கு 8 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையை ஒதுக்கியது. ஊர் ஊராக மூலதன நிதி திரட்டி, வட்டியில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் முறை அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

அதே 1966இல் ஒரு புத்தகமும் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்த்துகலைகளின் வரவுசெலவைப் பிரித்துப் போட்டு எழுதியது. அவர்கள் சொன்ன உதாரணம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஐந்து பேர் வாசிக்கும் அரைமணி நேர இசைக்கு இரண்டரை மனித மணிநேர உழைப்பு தேவை. இருநூறு ஆண்டுக்கு முன்பும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் ஒருவர் செய்யும் பொருளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அதனால் கூலியும் கூடுகிறது. இசைக்கலைஞரின் வேகம் கூட முடியாது. ஆனால் கூலி மட்டும் மற்ற தொழில்களோடு சேர்ந்து ஏறியாக வேண்டும், இல்லையென்றால் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள். ஆகவே வரவுக்கும் செலவுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும். செலவு நோய் என்று இதற்குப் பெயர் விழுந்தது.

வருடம் முழுவதற்கும் சம்பளம் என்ற கனவு கைகூடத் தொடங்கிய அதே காலத்தில், அது தானாகத் தன் காலில் நிற்கவே நிற்காது என்பதற்கான நிரூபணமும் அச்சாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ராபர்ட் ஃபிளானகன் 2012இல் அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் கணக்குகளை ஆராய்ந்து எழுதிய நூலில் இதை இன்னும் கூர்மையாக்கினார். எல்லா இருக்கையும் விற்றுத் தீர்ந்தாலும் பெரும்பாலான ஆர்கெஸ்ட்ராக்களுக்குக் கச்சேரிக் கணக்கில் பற்றாக்குறைதான் மிஞ்சும் என்றார். அரங்கம் நிரம்பாததுதான் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கண்டுபிடிப்பையாவது படிக்க வேண்டும்.

பாமோலின் வாதத்தைச் சாவுமணியாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அவர் அப்படி முடிக்கவில்லை. மற்ற துறைகளில் உற்பத்தி பெருகுவதால்தான் இந்த இடைவெளி தோன்றுகிறது. அதே பெருக்கத்தால் சமூகம் மொத்தமாகச் செல்வம் சேர்க்கிறது. ஆகவே இசைக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் கூடுதலாகக் கொடுக்கச் சமூகத்தால் முடியும் என்றே பின்னாளில் அழுத்தமாக எழுதினார். முடியும் என்பது ஒன்று, கொடுப்பார்கள் என்பது வேறு. அங்கேதான் நாட்டுக்கு நாடு கதை மாறுகிறது.

யார் கை மேலே

அமெரிக்காவில் டிக்கெட் வருமானம் மொத்தச் செலவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. மீதி நன்கொடையும் மூலதன நிதியின் வருமானமும். நன்கொடையாளர்கள் நிர்வாகக் குழுவில் உட்காருகிறார்கள். பங்குச் சந்தை சரிந்தால் ஆர்கெஸ்ட்ராவும் சரியும். 2008 நெருக்கடிக்குப் பிறகு நடந்தது அதுதான். ஹொனலுலு சிம்பொனி 2010 இறுதியில் கலைக்கப்பட்டது. 2011இல் சிரக்யூஸ், நியூ மெக்சிகோ இரண்டும் போயின. உலகின் முதல் வரிசையில் எண்ணப்படும் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவே 2011 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. டெட்ராய்ட்டில் ஆறு மாத வேலைநிறுத்தம்.

இவற்றில் மினியாபொலிஸ் நகரத்தின் மினசோட்டா ஆர்கெஸ்ட்ரா கதை விரிவாகச் சொல்லத் தக்கது. 2012 அக்டோபர் 1ஆம் தேதி நிர்வாகம் கலைஞர்களுக்குக் கதவடைப்பு அறிவித்தது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டு என்பது நிர்வாகத்தின் கோரிக்கை. அதே நேரத்தில் அரங்கத்தின் முகப்பையும் கூடத்தையும் புதுப்பிக்க 5 கோடி டாலர் செலவில் வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தால் பெயர்ப்பலகை கிடைக்கும். இரண்டாம் வயலின் வரிசையில் நான்காவதாக உட்காருபவரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? கலைஞர்கள் வெளியே தாங்களே கச்சேரிகள் நடத்தினார்கள். பலர் வேறு ஊர்களில் வேலை தேடிக்கொண்டார்கள். நியூயார்க்கின் கார்னகி ஹால் கச்சேரிகள் ரத்தானதும், 2013 அக்டோபரில் இசை இயக்குநர் ஓஸ்மோ வான்ஸ்கா பதவி விலகினார். 2014 ஜனவரியில் 15 சதவீத வெட்டுடன் உடன்பாடு வந்தது. வேலைக்குத் திரும்பும் நாள் பிப்ரவரி 1 என்று குறிக்கப்பட்டிருந்த அந்த இடைவெளியில், அவர்கள் முன்பு பதிவுசெய்த சிபேலியஸ் சிம்பொனிகளுக்கு கிராமி விருது கிடைத்தது. உலகத்திலேயே சிறந்த ஆர்கெஸ்ட்ரா வாசிப்பு என்று விருது வாங்கிய நேரத்தில் அவர்களுக்கு வேலை இல்லை.

பிறகு நடந்ததும் கவனிக்க வேண்டியது. வான்ஸ்கா திரும்பி வந்தார். முக்கியமான முடிவுகளில் கலைஞர்களுக்கும் பங்கு கிடைத்தது. 2015இல் கியூபாவுக்கும் 2018இல் தென்னாப்பிரிக்காவுக்கும் போய் வாசித்தார்கள். ஊர்மக்கள் அந்த ஆர்கெஸ்ட்ராவைத் தங்களுடையது என்று உணர்ந்தது அது கைவிட்டுப் போகவிருந்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்வோர், அந்தப் பதினாறு மாதங்களில் ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வராதவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜெர்மனியில் ஆர்கெஸ்ட்ரா என்பது நகராட்சி நூலகம் போல ஒரு பொதுச் சொத்து. மாநிலமும் நகரமும் வானொலியும் நிதி தருகின்றன; சம்பள விகிதம் நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. இதைப் பார்த்துப் பெருமூச்சு விடாத அமெரிக்கக் கலைஞர் இல்லை. ஆனால் 1992இல் ஒன்றிணைந்த ஜெர்மனியில் 168 ஆக இருந்த தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்கள் இன்று 129. பன்னிரண்டாயிரத்துக்கு மேலிருந்த பணியிடங்கள் பத்தாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டன. பழைய கிழக்கு ஜெர்மனியின் சிறு நகரங்களில்தான் அடி அதிகம். 2016இல் ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவையும், சமகால இசைக்குப் பேர்போன பாடன்-பாடன், ஃப்ரைபர்க் ஆர்கெஸ்ட்ராவையும் ஒன்றாக்கினார்கள். அங்கே திவாலாவது அபூர்வம். பிரபல நடத்துநர்கள் கடிதம் எழுதுவார்கள், ரசிகர்கள் ஊர்வலம் போவார்கள், கடைசியில் ஓய்வுபெறுபவர் இடம் நிரப்பப்படாமலே போகும். சத்தமில்லாத வெட்டு.

பிரிட்டனில் மூன்றாவது வழி. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1904இல் கலைஞர்களே தொடங்கி, கலைஞர்களே உடைமையாளர்களாக நடத்துவது. ஆனால் உடைமையாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வாசித்த நாளுக்குக் காசு. லண்டனின் தனித்து நிற்கும் பெரிய குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் அவர்கள் காலையில் ஒத்திகை, பிற்பகலில் சினிமாப் பதிவு, இரவில் கச்சேரி என்று ஓடுகிறார்கள். நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் பிழையில்லாமல் வாசிப்பதில் அவர்களுக்கு இருக்கும் உலகப் புகழுக்கு இந்த வயிற்றுப்பாடும் ஒரு காரணம். சம்பளம் தரும் பிபிசி குழுக்களும் பத்திரமாக இல்லை. 2023 மார்ச்சில் பிபிசி சிங்கர்ஸ் என்ற பாடகர் குழுவை மூடுவதாகவும், இங்கிலாந்திலுள்ள தன் ஆர்கெஸ்ட்ராக்களில் ஐந்தில் ஒரு பங்கு இடங்களைக் குறைப்பதாகவும் பிபிசி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பாடகர் குழு தப்பியது.

கொரோனா காலம் இந்த வேறுபாட்டை அப்பட்டமாக்கியது. ஜெர்மனியில் குழுக்கள் மௌனமாயின, சம்பளத்தின் பெரும்பகுதி வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா ஆர்கெஸ்ட்ரா 2020 ஏப்ரலிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் சம்பளமில்லாமல் கிடந்தது.

கேட்பவர்கள்

அமெரிக்க அரசின் கலைநிதி அமைப்பு எடுக்கும் கணக்கெடுப்பின்படி, ஆண்டில் ஒருமுறையேனும் செவ்வியல் இசைக் கச்சேரிக்குப் போன வயதுவந்தோர் 1982இல் 13 சதவீதம், 2012இல் 8.8, 2022இல் 4.6. கடைசி எண்ணில் கொரோனாவின் கை இருக்கிறது. ஆனால் சரிவு அதற்கு முன்பே தெளிவு. வருடம் முழுவதற்கும் சந்தா கட்டி ஒரே இருக்கையில் உட்காரும் குடும்பங்களின் தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. இப்போது ஒவ்வொரு டிக்கெட்டையும் தனித்தனியாக விற்க வேண்டும். விளம்பரச் செலவு ஏறுகிறது.

இதற்குப் பதிலாக வந்திருப்பது, திரையில் படம் ஓட ஆர்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கும் நிகழ்ச்சி. ஸ்டார் வார்ஸ், ஹாரி பாட்டர் என்று அரங்கங்கள் நிரம்புகின்றன. விமர்சகர்களுக்கு இதில் முகச்சுளிப்பு உண்டு. எனக்கு இல்லை. நம்மில் பெரும்பாலோர் முப்பது வயலின் சேர்ந்து ஒலிப்பதை முதலில் கேட்டது சினிமாப் பாட்டில்தான்; அதனால் நம் காது கெட்டுப்போய்விடவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: படத்துக்கு வந்தவர் மஹ்லருக்கும் வருகிறாரா? வருவார் என்ற நம்பிக்கையில் பல நிர்வாகங்கள் இருக்கின்றன. வராவிட்டாலும் அந்த டிக்கெட் காசில் மஹ்லர் நடக்கட்டுமே என்பது என் கட்சி. லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இத்தனை துணிச்சலாகப் புதிய படைப்புகளை எழுதச் சொல்லிக் கேட்கிறது என்றால், கோடையில் ஹாலிவுட் பௌல் என்ற திறந்தவெளி அரங்கில் அது சம்பாதிக்கும் பணம் பின்னால் இருக்கிறது.

திரைக்குப் பின்னால்

ஒரு வயலின் இடம் காலியானால் நூறு, இருநூறு பேர் ஆடிஷனுக்கு வருவார்கள். சொந்தச் செலவில் விமானம் ஏறி, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் யுவான்' முதல் பக்கம், மொசார்ட் கான்செர்ட்டோவிலிருந்து சில நிமிடம், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகள். சில நிமிடங்களில் முதல் சுற்று முடிந்துவிடும். சில சமயம் இறுதிச் சுற்றுவரை போய், 'யாரும் தேறவில்லை' என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரை தொங்கும். காலணிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று கம்பளம் விரிப்பதும் உண்டு. 1970 வாக்கில் அமெரிக்காவின் முதல் ஐந்து ஆர்கெஸ்ட்ராக்களில் பெண்கள் ஐந்து சதவீதத்துக்கு மேல் இல்லை. தொண்ணூறுகளில் கால்வாசியை எட்டினார்கள். இதில் திரைக்குப் பங்குண்டு என்று கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு மிகப் பிரபலம். அந்த ஆய்வின் புள்ளியியல் சொல்லப்படும் அளவுக்கு உறுதியானதல்ல என்று பின்னால் வந்த விமர்சனங்களில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் திரையே இல்லாத பழைய முறையின் லட்சணம் தெரிந்ததுதான். வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை உறுப்பினராக ஏற்றது 1997இல். அவர் ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கஸ், அதற்குள் பல ஆண்டுகள் அதே குழுவில் உறுப்பினர் உரிமையின்றி வாசித்து முடித்தவர்.

திரை மறைப்பது முகத்தை மட்டும். யாருக்குப் பத்து வயதில் நல்ல ஆசிரியர் கிடைத்தார், யார் வீட்டில் நல்ல வயலின் வாங்கப் பணமிருந்தது என்பவை திரைக்கு இப்பாலும் ஒலிக்கும். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாக இரண்டு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறார்கள். 2020இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் அந்தோனி டொம்மசினி, திரையை எடுத்துவிடுங்கள், பன்மை வேண்டுமென்றே உருவாக்கப்பட வேண்டும் என்று எழுதியதும் பெரிய விவாதம் மூண்டது. கறுப்பினக் கலைஞர்கள் பலரே அதை ஏற்கவில்லை. திரையைக் கடைசிச் சுற்றுவரை வைத்திருங்கள், பல இடங்களில் கடைசியில் எடுத்துவிடுகிறீர்களே என்றார்கள். ஆடிஷனுக்குப் போகும் பயணச் செலவையும் பயிற்சியையும் கொடுக்கும் ஸ்ஃபிங்க்ஸ் அமைப்பின் வழிதான் எனக்கு அறிவார்ந்ததாகத் தெரிகிறது. அது மெதுவான வழி.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா? ஹார்வர்டின் ரிச்சர்ட் ஹேக்மனும் யூட்டா ஆல்மெண்டிங்கரும் நான்கு நாடுகளில் 78 ஆர்கெஸ்ட்ராக்களை ஆராய்ந்தார்கள். பதின்மூன்று வகைத் தொழில்களை ஒப்பிட்டதில், உள்ளார்ந்த உந்துதலில் ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்கள் உச்சியில். பொதுவான பணித் திருப்தியில் ஏழாவது இடம், சிறைக் காவலர்களுக்கு ஒரு படி கீழே. நால்வர் குழுவில் வாசிப்பவர்களோ திருப்தியிலும் மேலே. விளங்காத புதிரல்ல. நால்வர் குழுவில் எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பதுவரை தாங்களே பேசி முடிவெடுப்பார்கள். ஆர்கெஸ்ட்ராவில் முப்பது வருடம் வாசித்தவர்கூட வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பதைத் தானே தீர்மானிக்க முடியாது.

உடம்பும் தேய்கிறது. 1987இல் அமெரிக்கக் கலைஞர்களிடையே எடுத்த பெரிய கணக்கெடுப்பில் 76 சதவீதம் பேர், வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏதேனும் ஒரு உடல் உபாதை இருப்பதாகச் சொன்னார்கள். மேடைப் படபடப்புக்கு மாத்திரை போடுபவர்கள் 27 சதவீதம். லண்டன் ராயல் ஆப்பெரா ஹவுஸில் வாக்னர் ஒத்திகையின்போது பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்காரவைக்கப்பட்டுச் செவி பாதிக்கப்பட்ட ஒரு வயோலா கலைஞர் வழக்குத் தொடுத்து 2018இல் வென்றார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. இசையே எங்கள் உற்பத்திப் பொருள், அதன் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்ற நிர்வாகத்தின் வாதம் எடுபடவில்லை. தொழிற்சாலைக்கு உள்ள சட்டம் ஆர்கெஸ்ட்ரா குழிக்கும் உண்டு என்றாகிவிட்டது.

கோடம்பாக்கத்துக்கு வந்தது முதலில்

இதெல்லாம் எங்கோ நடப்பதல்ல. நிலையான வருமானம் போகும்போது என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்திருக்கிறது. அகில இந்திய வானொலி 1952இல் வாத்ய விருந்தா என்ற தேசிய வாத்தியக் குழுவைத் தொடங்கியது, ரவிசங்கரும் டி.கே. ஜெயராமய்யரும் அதன் ஆரம்ப காலத் தூண்கள். நிலையந்தோறும் 'நிலைய வித்வான்' என்ற பதவி இருந்தது. சபாவின் தயவோ திருமண சீசனோ இல்லாமல் ஒரு வீணைக் கலைஞரோ மிருதங்கக்காரரோ ஓய்வூதியத்தோடு வாழ வழிசெய்த ஏற்பாடு அது. ஒவ்வொருவராக ஓய்வுபெற, இடங்கள் நிரப்பப்படாமல் வற்றிப்போயின. ஜெர்மனியின் சத்தமில்லாத வெட்டை நாம் வேறு பெயரில் அறிவோம்.

இரண்டாவது, சினிமா. ஏவி.எம்., பிரசாத் ஒலிப்பதிவுக் கூடங்களில் வரிசையாக வயலின்கள் உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த காலத்தில், சென்னை உலகின் மும்முரமான ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ரா நகரங்களில் ஒன்று. சம்பளம் கால்ஷீட் கணக்கு. லண்டன்காரர்களைப் போலவே காலையில் ஒரு ஸ்டுடியோ, மதியம் இன்னொன்று. எண்பதுகளின் இறுதியிலிருந்து சிந்தசைசரும், அதன்பின் கணினியில் சேமித்த வயலின் ஒலிகளும் அந்த வரிசைகளைக் குறைத்தன. நாற்பது பேர் இடத்தில் நான்கு பேர் வாசித்து, அதைப் பலமுறை அடுக்கிக்கொள்ளலாம். எந்தக் கதவடைப்பும் நடக்கவில்லை. தொலைபேசி அடிப்பது குறைந்தது, அவ்வளவுதான்.

விளைவைக் கவனியுங்கள். இளையராஜா 'ஹே ராம்' பின்னணி இசைக்கும், 2005இல் வெளியான திருவாசகம் இசைத்தொகுப்புக்கும் புடாபெஸ்ட் போனார். அவருடைய சிம்பொனி 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறியது. எழுதுகிறவர் இங்கே இருக்கிறார்; வாசிக்க எண்பது பேர் நிரந்தரமாக இங்கே இல்லை. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவிலும் பருவந்தோறும் வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்தே வரிசைகளை நிரப்புகிறார்கள். ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரியும், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தரும் அதன் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் திறமையை உருவாக்குகின்றன. அந்தப் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் எங்கே உட்கார்ந்து வாசிப்பார்கள் என்பதற்கு நகரம் இன்னும் விடை சொல்லவில்லை.

புடாபெஸ்ட்டில் பதிவுசெய்வது ஏன் மலிவு? நல்ல இசைக்கல்வி அரசு செலவில். பதிவுக்கு ஒரே தடவை பணம், பின்னாளில் படம் ஓடுவதில் பங்கு கிடையாது. ஹாலிவுட் படங்களும் லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்களை விட்டு ஐரோப்பாவுக்குப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2024இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பட நிறுவனங்களுடன் போட்ட ஒப்பந்தத்தில் இணையவழி ஒளிபரப்புக்கும் பங்குத்தொகை, செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான பாதுகாப்பு இரண்டும் இடம்பெற்றன. கோடம்பாக்கத்தில் சிந்தசைசர் வந்தபோது அப்படியொரு மேசை போடப்படவில்லை.

இனி

எதிர்காலம் பற்றிய பேச்சில் முதலில் வருவது டிஜிட்டல். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 2008இல் தன் இணைய அரங்கைத் திறந்தது, உலகெங்கும் சந்தாதாரர்கள். அது பெர்லினுக்குச் சரி. பெர்லினை வீட்டிலேயே பார்க்க முடிகிறவர் சிறு நகரத்து ஆர்கெஸ்ட்ராவின் காணொளிக்கு ஏன் காசு கொடுப்பார்? டெட்ராய்ட் இதைப் புரிந்துகொண்டது. வேலைநிறுத்தம் முடிந்தபின் கச்சேரிகளை இலவசமாக நேரலையில் விட்டது. கூடவே புறநகர்களின் சிறு அரங்கங்களுக்கு ஆர்கெஸ்ட்ராவையே கொண்டுபோனது. காணொளி அங்கே விற்பனைச் சரக்கல்ல, அழைப்பிதழ்.

எனக்கு அதிகம் பொருட்படுத்தத் தோன்றுவது உடைமை பற்றிய சோதனைகள். நியூ ஆர்லியன்ஸ் சிம்பொனி நொடித்தபின் 1991இல் அதன் கலைஞர்களே லூயிசியானா ஃபில்ஹார்மோனிக்கைத் தொடங்கினார்கள். 2005இல் கத்ரீனா புயல் ஊரையே மூழ்கடித்த பிறகும் அது நிற்கிறது. சிரக்யூஸில் 2012இல் கலைஞர்கள் கூட்டாகச் சிம்ஃபோரியாவை உருவாக்கினார்கள். இரண்டிலும் சம்பளம் பெரிய நகரங்களின் கிட்டே வராது. அதை மறைத்து இவற்றை லட்சியமாகக் காட்டுவது நேர்மையல்ல. ஜெர்மனியின் பிரேமன் நகரத்துச் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா இன்னும் துணிந்தது. கலைஞர்களே நிறுவனத்தின் பங்குதாரர்கள். லாபம் நட்டம் இரண்டும் அவர்கள் தலையில். 2007இல் அவர்கள் தங்கள் ஒத்திகைக் கூடத்தை நகரின் ஏழை வட்டாரம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். உலகமெங்கும் பீத்தோவன் வாசித்துவிட்டு வந்து, மதியம் பள்ளி உணவகத்தில் பிள்ளைகளோடு சாப்பிடுகிறார்கள். லண்டனின் ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட் ஆர்கெஸ்ட்ராவும் 2020இல் கேம்டன் வட்டாரத்துப் பள்ளி ஒன்றைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. வருடத்துக்கு ஒருமுறை பேருந்தில் பிள்ளைகளை அழைத்துவந்து 'இதுதான் ஓபோ' என்று காட்டியனுப்பும் கல்வி நிகழ்ச்சிகளோடு இதை ஒப்பிடவே முடியாது.

இசைக்கல்லூரிகள்தான் இதில் பின்தங்கியிருக்கின்றன. ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளில் மிகச் சிறு பகுதிக்குத்தான் ஆர்கெஸ்ட்ரா இடம் இருக்கிறது. இது ஆசிரியர்களுக்கும் தெரியும். ஆனாலும் பாடத்திட்டத்தின் அச்சு இன்னும் 'டான் யுவான்' முதல் பக்கம்தான். தொழில்முனைவு என்று ஒரு பாடத்தைச் சேர்த்து, வலைத்தளம் அமைக்கச் சொல்லிக்கொடுத்தால் கடமை முடிந்ததா? பிரேமனில் நடப்பதைச் செய்ய, கற்பிக்கத் தெரிந்த, கணக்கு வாசிக்கத் தெரிந்த, நிர்வாகத்தோடு பேரம் பேசத் தெரிந்த வயலின்காரர் வேண்டும். அப்படிப்பட்டவரை அரைகுறைக் கலைஞராகப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆர்கெஸ்ட்ராவில் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. 1948இல் அந்நகர மேயர் சார்ல்ஸ் ஃபார்ன்ஸ்லி சொன்ன யோசனைப்படி, விலை உயர்ந்த தனிக்கலைஞர்களை அழைக்கும் பணத்தில் புதிய படைப்புகளை எழுதவைத்தது அது. 1953இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 4 லட்சம் டாலர் கொடுத்தது. உலகின் பெரிய இசையமைப்பாளர்கள் லூயிவிலுக்காக எழுதினார்கள். 2010 டிசம்பரில் அதே ஆர்கெஸ்ட்ரா திவால் மனு போட்டது. 2014இல் இருபத்தேழு வயது டெடி ஏப்ரம்ஸ் இசை இயக்குநராக வந்தார். 2022இல் மூன்று இசையமைப்பாளர்களை நகரின் ஷெல்பி பார்க் பகுதியில் வீடு, சம்பளம், மருத்துவக் காப்பீடு கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அந்தத் தெருக்காரர்களோடு வாழ்ந்து, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது அவர்கள் வேலை. நிலக்கரிச் சுரங்க ஊர்கள் உட்பட மாநிலம் முழுவதும் சுற்றி வாசிக்கச் சட்டமன்றம் 43 லட்சம் டாலர் ஒதுக்கியது. இந்த அளவுக்கு மாநிலப் பணம் ஓர் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போவது அமெரிக்காவில் அபூர்வம். இரண்டு கட்சியினரும் அதை ஆதரித்தார்கள்.

இசையமைப்பாளருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஊர் ஊராகப் பயணமும் உண்டு. அந்த இசையை வாசிக்கிற கலைஞர்களின் ஒப்பந்தம் மட்டும் இன்னும் வருடத்தின் 52 வாரத்தை எட்டவில்லை. மீதி வாரங்களுக்கு அவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள், பக்கத்து ஊர்களுக்கு வண்டி ஓட்டிப்போய் வாசித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த முறை சட்டமன்றம் பணம் ஒதுக்கும்போது அந்த வாரங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யார் கேட்பார் என்பதுதான் லூயிவிலில் இனிப் பார்க்க வேண்டியது.